கருகிய துளை

"பூட்டியிருந்ததைப் பார்த்தீங்களா, பூட்டினதைப் பார்த்தீங்களா?"

சாட்சிக் கூண்டில் நின்றிருந்த அவளிடம் ஒரு வக்கீல் ஒருமுறை கேட்ட கேள்வி அது. அப்போது அவள் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணைக்காரி. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வழக்கு போயிற்று. பின்னாலேயே வேலையும் போயிற்று. அதற்கப்புறம்தான் சொந்தமாகத் துப்பறிய உட்கார்ந்தாள். எதையும் குத்திக் குத்திக் கேட்பதால் ஊசி என்று பெயர் வந்தது.

அவளுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தவனின் பெயர் ரேடியோ. காரணத்தை அவனே ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பான்.

அன்று மத்தியானம் இருவரும் மரப்பட்டறையின் கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, கேட் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். பட்டறையில் கட்டில்களுக்குப் பாலிஷ் போடுகிறவள். நேற்று புருஷன் கைதானதிலிருந்து அவளையும் உள்ளே விடவில்லை.

"இன்னிக்குச் சாயந்திரம் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம் அக்கா," என்றாள். "அங்கேருந்து நேரா ஜெயிலுதானாம். முதலாளி கண்ணு முழிச்சா உண்மையைச் சொல்லிடுவாரு. முழிக்கலைன்னா என் வீட்டுக்காரர் கொலைகாரன்."

"கவலைப்படாதீங்கம்மா," என்றான் ரேடியோ. "அக்கா உள்ள போனா உண்மை வெளிய வந்துதான் ஆகணும். ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்க மாட்டாங்க."

"சும்மா இருடா," என்றாள் ஊசி.

விஷயம் இதுதான். பட்டறைக்குள் மரம் உலர்த்தும் அறை ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போன முதலாளி அதற்குள்ளேயே மயங்கிக் கிடந்தார். கதவு சாத்தியிருந்தது, வெப்பம் ஏறியிருந்தது. சாப்பிட்டுத் திரும்பிய மேஸ்திரி இழுத்து வெளியே போட்டும், அவர் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. அந்தச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குள் இருந்த ஒரே ஆள் அவள் புருஷன், கட்டில் கால்களில் துளை போடும் மிஷின்காரன். சதுரத் துளை போடுவதால் எல்லாருக்கும் அவன் சதுரம். அன்று காலையில்தான் மிஷினுக்குப் பாதுகாப்பு மூடி போட்டுத் தராததற்காக முதலாளியோடு கத்திச் சண்டை போட்டிருந்தான். இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்?

---

மேஸ்திரி அவர்களை உள்ளே அழைத்துப் போனார். ஒல்லியான மனிதர். காதில் பென்சில், இடுப்பில் மரத்தூள் படிந்த ஏப்ரன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ரம்பங்கள் ஓய்ந்திருந்தன. தூள் உறிஞ்சும் குழாய் மட்டும் கூரையடியில் பெருஞ்சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

"இதை நிறுத்த முடியாதா?" ரேடியோ காதைப் பொத்தினான்.

"நிறுத்தினா அடைச்சுக்கும். உங்களை மாதிரிதான், ஓடிட்டே இருக்கணும்."

"அக்கா, மேஸ்திரிக்கு என்னை முன்னாடியே தெரியும் போல."

சதுரத்தின் மிஷின் ஜன்னலோரம் நின்றது. ஆள் உயர இரும்பு உடம்பு, பக்கத்தில் நீண்ட கைப்பிடி, தலையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஒரு சதுர உளி. உளிக்குக் கீழே, பிடியில் இறுக்கியபடி, பாதி துளை போட்ட கட்டில் கால்.

"ஒரு சந்தேகம்," என்றான் ரேடியோ. "சுத்தறது எதுவும் வட்டமாத்தானே துளைக்கும்? இது எப்படி சதுரமா துளைக்குது?"

"உளி உள்ள குழாய் மாதிரி. அதுக்குள்ள ட்ரில் சுத்தும். ட்ரில் நடுவைக் குடையும், உளி நாலு மூலையை வெட்டும். கைப்பிடியை இழுத்தா ரெண்டும் சேர்ந்து இறங்கும்."

"நல்ல குடும்பம். ஒருத்தர் தலை சுத்த, ஒருத்தர் மூலை மூலையா வெட்ட."

ஊசி குனிந்து உளியைப் பார்த்தாள். அதன் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பிளவு. "இந்த வாய் ஏன் வலது பக்கம் பாக்குது?"

"சீவல் வெளிய வர வழி அது. நீளத் துளைன்னா ஒரே இறக்குல முடியாது, பக்கத்துல பக்கத்துல இறக்கிட்டே போகணும். சதுரம் வலது கோடியில தொடங்கி இடது பக்கமா வருவான். வெட்டி முடிச்ச குழி வலது பக்கம் இருக்கும்ல, சீவல் அதுல கொட்டும். வாயைத் திருப்பி வெட்டாத மரத்துப் பக்கம் வெச்சா சீவலுக்குப் போக்கிடம் இல்ல. உள்ளேயே அடைச்சு, சூடேறி, துளை கருகிப் போயிடும்."

"இந்தக் குமிழ்?"

"ஸ்டாப்பர். எவ்வளவு ஆழம் போகணுமோ அதுல நிறுத்தும். கட்டில் காலுக்கு ஆழம் நிறைய வேணும்."

"அவர் போனதுக்கப்புறம் யாரும் இந்த மிஷினைத் தொடலையா? பாதி வேலை அப்படியே நிக்குதே."

மேஸ்திரியின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "ஒருத்தன் செட்டிங் பண்ணி வெச்சிருந்தா இன்னொருத்தன் அதைக் கலைக்கவே மாட்டான். அவசரத்துக்கு ஒரு துண்டு போடணும்னாலும் இருக்கற செட்டிங்லயே போட்டுட்டுப் போகணும். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இந்தக் கொட்டகையில அதுதான் மரியாதை."

ஊசி தலையாட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கட்டில் காலின் துளை தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளையாக இருந்தது.

உலர்த்தும் அறை கொட்டகையின் கடைசியில். சுவர் முழுக்கத் தகரம். பலகை மேல் பலகை வைத்து அடித்த கனமான கதவு, வெளிப்பக்கமாக விரியத் திறந்திருந்தது. கதவின் விளிம்பில் பூட்டின் இரும்பு நாக்கு ஸ்பிரிங்கோடு துருத்திக்கொண்டிருந்தது. அது போய் உட்காரும் துளை நிலைக்காலில்.

"போன வாரம்தான் புது நிலை மாத்தினோம். பழசு ஆவியில உளுத்துப்போச்சு," என்றார் மேஸ்திரி. "கதவு சாத்தினா நாக்கு தானா துளையில விழும். உடனே ஹீட்டரும் காத்தாடியும் ஓட ஆரம்பிச்சிடும். வெளிக் கைப்பிடி நாக்கை முழுசா இழுக்கும். உள்ள மாட்டிக்கிட்டவனுக்கு ஒரு தள்ளு கம்பி இருக்கு, அது பாதி தூரம்தான் இழுக்கும். துளை ஆழமில்லாம மேலாக இருந்தா அதுவே போதும், கதவு தொறந்துக்கும்."

"இந்தத் துளை மேலாக இல்லையா?"

"இன்ஸ்பெக்டர் ஸ்கேலை விட்டுப் பார்த்தாரு. ஆழம் ரொம்ப அதிகம். நாக்கு முழுசா உள்ள போயிடுது. வேணும்னே ஆழமா போட்டிருக்கான், சமயம் பார்த்துக் கதவைச் சாத்தியிருக்கான்னு எழுதிட்டாரு. துளை போடறது இங்க சதுரம் ஒருத்தன்தானே."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் நிலைக்காலைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தார்.

ஊசி துளைக்குள் விரலை விட்டாள். வெளியே எடுத்தபோது விரல் நுனி கறுப்பாக இருந்தது.

"உள்ள அடிக்கிற சூட்டுல கருகியிருக்கும்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு," என்றார் மேஸ்திரி அவசரமாக.

"நிலையில வேற எங்கயும் கருகலையே," என்றாள் ஊசி.

அந்த நேரம் பார்த்து ரேடியோ அறையை எட்டிப் பார்க்க முன்னால் வந்தான். கதவடியில் கிடந்த ஏதோ கட்டையில் கால் இடறியது. பிடிமானத்துக்குச் சுவரோரம் நின்ற மரத்தூள் மூட்டையைக் கட்டிப்பிடித்தான். மூட்டை அவனோடு சேர்ந்து விழுந்து வாயைப் பிளந்தது. வாசலுக்கு முன்னால் தரை முழுக்க மஞ்சள் மாவாகக் கொட்டியது.

"அடக் கடவுளே!" மேஸ்திரி தலையில் கை வைத்தார். கேட் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. "பலகை லோடு வந்திருக்கு. நீங்க பாருங்க, ஆளை அனுப்பிட்டு விளக்குமாறோட வர்றேன். உள்ள ரொம்ப நேரம் நிக்காதீங்க."

அவர் ஓடினார். ரேடியோ தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தான். இருவரும் தூளை மிதித்து அறைக்குள் போனார்கள். கூரையில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு மங்கல் பல்பு. இரண்டு பக்கமும் மரச் சட்டத்தாலான அடுக்குகள், அவற்றில் கட்டில் கால்களும் பலகைகளும். ஊசி தள்ளு கம்பியைப் பார்க்கத் திரும்பினாள்.

பின்னால் வெளிச்சம் குறைந்தது. வாசல் சன்னமானது, கோடானது, இல்லாமல் போனது.

டக்.

காத்தாடி ஓடத் தொடங்கியது.

---

"யாருய்யா அது!" ரேடியோ கதவில் மோதினான். "உள்ள ஆள் இருக்கு! மேஸ்திரி!"

ஊசி தள்ளு கம்பியின் குண்டை இரண்டு கையாலும் அழுத்தினாள். குண்டு உள்ளே போய், அது பதிந்திருந்த இரும்புத் தகட்டில் முட்டி நின்றது. கதவுக்குள் நாக்கு நகரும் சத்தம் கேட்டது. கதவு நூலளவு அசைந்தது. அவ்வளவுதான்.

"நாக்கு பாதிதான் வருது," என்றாள்.

"என் நாக்கை வேணா முழுசா வெளிய விடறேன்." அவன் மறுபடி கத்தினான். வெளியே தூள் உறிஞ்சும் குழாய் அவனைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தது. அன்று சதுரம் போலீஸிடம் சொன்னது அதுதான்: ஒன்றும் கேட்கவில்லை சார், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நம்பவில்லை.

"போனை எடு."

"எடுத்துட்டேன். சுத்தியும் தகரம். ஒரு கோடுகூட இல்ல."

காத்தாடி தள்ளிய காற்று முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு அடுப்படியில் நிற்பது போல இருந்தது. பிறகு அடுப்புக்குள்ளேயே தலையை விட்டது போல. ஊசியின் கண் இமைகள் காய்ந்தன. மூச்சை இழுத்தால் மூக்கு எரிந்தது.

"மேஸ்திரிதான் அக்கா," என்றான் ரேடியோ. "விளக்குமாறு எடுத்துட்டு வர்றேன்னு சொன்னப்பவே நான் உஷாராயிருக்கணும். எந்த ஆம்பளையாவது யாரும் சொல்லாம விளக்குமாறைத் தேடிப் போவானா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூடிய அறை அவளுக்கு ஆகாது. அவனிடம் சொன்னதில்லை. லிஃப்டில் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் உடம்பு இளைக்க வேண்டும் என்று சொல்லி மாடிப்படி ஏறுவாள். இப்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நகத்தால் பிறாண்டியது. பார்க்க எதையாவது தேடினாள். அடுக்கிலிருந்து ஒரு கட்டில் காலை இழுத்து பல்புக்குக் கீழே பிடித்தாள்.

துளை வெள்ளை. இன்னொன்று. அதுவும் வெள்ளை. ஒன்றிலும் கருக்கல் இல்லை.

"ரேடியோ, சதுரம் போட்ட துளை எதுவும் கருகல. நிலைக்கால்ல இருக்கறது மட்டும்தான் கருகியிருக்கு."

"அப்போ?"

"அதே மிஷின், அதே உளி. வாய் வலது பக்கம் பார்க்க அவர் மாட்டி வெச்சது. ஆனா துளை போட்டவர் இடது கோடியில தொடங்கி வலது பக்கமா போயிருக்காரு. சீவலுக்குப் போக்கிடம் இல்லாம கருகியிருக்கு. இது சதுரத்தோட கை இல்ல."

"அருமை. இதை யார்கிட்ட சொல்லப் போறோம்? இந்தக் கட்டில் கால்கிட்டயா?"

அவன் சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். ஊசி நிலைக்காலின் உள்பக்கத்தைத் தடவினாள். கை பிசுபிசுத்தது. மரத்தின் மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்னதாகப் பால் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. அடுக்கில் இருந்த பலகைகளைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு மாதிரி காய்ந்திருந்தன.

"நிலை பச்சை மரம்," என்றாள். "இங்க இருக்கற எல்லா மரத்தையும் காய வெச்சுத்தான் வேலை பார்க்கறாங்க. இதை மட்டும் அப்படியே நட்டிருக்காங்க."

"கதவு இல்லாம அறையை எப்படிச் சூடாக்குவாங்க? அறை சூடாகாம நிலையை எப்படிக் காய வைப்பாங்க?" ரேடியோ தரையில் உட்கார்ந்தான். "குளிக்கற வரைக்கும் துண்டு தர மாட்டேன்னு சொல்ற எங்க அத்தை மாதிரி... துண்டு இல்லாம..."

வாக்கியம் முடியவில்லை.

ஊசி திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. அவளுக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவன் பேச்சைப் பாதியில் நிறுத்தி அவள் பார்த்ததில்லை.

"டேய், பேசு."

"ஸ்டேஷன் கெடைக்கல அக்கா."

"எந்திரி. இந்தக் குண்டு மறையில மாட்டியிருக்கு. கழட்டணும்."

"கழட்டினா தள்ளறதுக்கு ஒண்ணும் இருக்காதே."

"குண்டுதான் தகட்டுல முட்டி நிறுத்துது. குண்டு இல்லைன்னா கம்பி தகட்டுக்குள்ளேயே போகும். மெல்லிசா ஏதாவது வெச்சு உள்ள தள்ளினா நாக்கு இன்னும் கொஞ்சம் வரும்."

குண்டு தொட முடியாமல் சுட்டது. அவன் சட்டையைச் சுற்றிக்கொண்டு இருவரும் மாறி மாறித் திருகினார்கள். துரு விடவில்லை. ஊசியின் உள்ளங்கை தோல் உரிந்தது. ரேடியோ ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி, மன்னிச்சுக்கோங்க அக்கா என்று சொல்லி, அதே வார்த்தையை மறுபடி சொல்லித் திருகினான். கிரீச்சென்று ஒரு சத்தம். குண்டு சுழன்று கையோடு வந்தது.

கம்பியின் முனை இப்போது தகட்டோடு தகடாக இருந்தது. விரலால் தள்ளப் பார்த்தாள். விரல் ஓட்டைக்குள் நுழையவில்லை.

"மெல்லிசா... மெல்லிசா..." அவள் கண்கள் அடுக்கில் ஓடின. அடுக்கின் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தன. கழன்று போகாமலிருக்க ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மர ஆணி. ஒரு கட்டில் காலைத் தூக்கி ஓர் ஆணியின் முனையில் இடித்தாள். ஆணி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ரேடியோ அதைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"எங்கம்மா பல்லைப் பத்திரமா வெச்சுக்கோன்னு சொன்னது இதுக்குத்தான் போல," என்று துப்பினான். ஸ்டேஷன் திரும்பக் கிடைத்துவிட்டது.

முதல் ஆணி ஓட்டைக்குள் போய்ப் பாதியில் முறிந்தது. துண்டை நகத்தால் நோண்டி எடுத்தார்கள். இரண்டாவது ஆணியைத் தகட்டின் விளிம்பில் தேய்த்துத் தேய்த்துச் சன்னமாக்கினார்கள். ஊசி அதை ஓட்டையில் வைத்துப் பிடித்தாள். ரேடியோ கட்டில் காலின் அடிப்பக்கத்தை அதன் மேல் வைத்து உடம்பு முழுவதையும் சாய்த்தான்.

கதவுக்குள் ஏதோ உரசியது. இன்னும் உரசியது.

கதவு திறந்தது. இருவரும் வெளியே தரையில் போய் விழுந்தார்கள்.

---

கொட்டகைக் காற்று தண்ணீர் மாதிரி இருந்தது. ரேடியோ மரத்தூளில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்துச் சிரித்தான். ஊசி மண்டியிட்டபடி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"எந்திரிக்காதே," என்றாள்.

"எந்திரிக்கிற எண்ணமே இல்ல."

"இந்தத் தூளைப் பாரு."

வாசலுக்கு முன்னால் கொட்டிக் கிடந்த தூளில், அவர்கள் இப்போது விழுந்த அலங்கோலத்துக்கு அப்பால், இரண்டு ஜோடிக் காலடிகள் உள்ளே போயிருந்தன. ஒன்று அவளுடையது, ஒன்று அவனுடையது. கதவின் அடி விளிம்பு விசிறி மாதிரி ஒரு வளைவை வழித்திருந்தது. அந்த விசிறியைச் சுற்றி மிச்சத் தூள் தொடாத மாவாக இருந்தது. மூன்றாவது காலடி ஒன்றுகூட இல்லை.

"கதவைச் சாத்தணும்னா இந்தத் தூளை மிதிக்காம யாரும் கிட்ட வர முடியாது," என்றாள் ஊசி மெதுவாக.

"அப்போ யாரு பூட்டினது? பேயா?"

பூட்டியிருந்ததைப் பார்த்தீங்களா, பூட்டினதைப் பார்த்தீங்களா? வக்கீலின் குரல் அவள் காதில் ஒலித்தது. கோர்ட் சிரித்த சிரிப்பும்.

ஊசி கதவை விரியத் திறந்து கையை எடுத்தாள். கதவு ஒரு கணம் யோசிப்பது போல நின்றது. பிறகு யாரும் தொடாமல், அவசரமே இல்லாமல், திரும்பி வரத் தொடங்கியது. கனத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடியது.

டக்.

உள்ளே காத்தாடி ஓடும் சத்தம் கேட்டது.

"பச்சை மரம் சூட்டுல முறுக்கிக்கிச்சு," என்றாள் ஊசி. "நிலை சாஞ்சிருக்கு. கதவு தானா சாத்திக்குது. நம்மளை யாரும் பூட்டல. முதலாளியையும் யாரும் பூட்டல."

ரேடியோ எழுந்து உட்கார்ந்தான். "ஆனா நாம வந்தப்ப தொறந்துதானே நின்னுச்சு?"

அவள் தூளுக்குள் கையை விட்டுத் துழாவினாள். அவன் கால் இடறிய கட்டையை எடுத்தாள். ஒரு பக்கம் சன்னமாகச் சீவிய மரத்துண்டு. கதவடியில் செருகி வைக்கும் ஆப்பு.

"இது நிறுத்தி வெச்சிருந்துச்சு. நீ உதைச்சுத் தள்ளிட்டே."

"அப்படின்னா நம்மளைக் கொல்லப் பார்த்தது..."

"நீதான்."

அவன் சொல்லுக்குத் தடுமாறியது அன்று இரண்டாவது தடவை.

பின்னால் ஏதோ விழும் சத்தம். மேஸ்திரி நின்றிருந்தார். கையிலிருந்த விளக்குமாறு கீழே கிடந்தது. சாத்தியிருந்த கதவையும், வியர்வையும் தூளும் அப்பிக் கிடந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயோ, ஆப்பை எடுத்தது யாரு?" என்றார்.

ஊசி எழுந்து நின்றாள். "யார் பூட்டினதுன்னு நீங்க கேட்கல மேஸ்திரி."

அவர் பார்வை அவள் கையிலிருந்த ஆப்புக்குப் போயிற்று.

"முதலாளியை யாரோ பூட்டினாங்கன்னு ஊரெல்லாம் நம்புது. அப்படி நம்பறவர் கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டுவாரு, காவல் போடுவாரு. ஆப்பு செதுக்கி வைக்க மாட்டாரு. கதவு தானா சாத்திக்கும்னு தெரிஞ்சவர்தான் ஆப்பு வைப்பாரு. முதலாளியை வெளிய இழுத்தது நீங்க. அப்போ கதவு உங்க மேலயே திரும்பி வந்திருக்கும். அப்பவே உங்களுக்குப் புரிஞ்சு போச்சு."

"கதவு... கதவு சாத்திக்கிறது தப்பா?" என்றார் மேஸ்திரி. "துளை ஆழமா இல்லைன்னா தள்ளிட்டு வந்திருப்பாரு. துளை அவன் மிஷின்ல போட்டது."

"அவரோட மிஷின், ஆனா வேற கை. அந்தத் துளை இடமிருந்து வலமா போட்டது, அதான் கருகியிருக்கு. கட்டில் காலுக்கு வெச்ச ஆழத்துலயே போட்டது, அதான் ஆழம் அதிகம். உளி வாயைத் திருப்பல, ஸ்டாப்பரைத் தொடல. ஏன்னா அது இன்னொருத்தர் செட்டிங். கலைக்கக்கூடாது. மரியாதை."

மேஸ்திரி பக்கத்திலிருந்த பலகை அடுக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நிலை மாத்தின அன்னிக்கு அவன் சாப்பிடப் போயிருந்தான்," என்றார். "ஆர்டர் நின்னுட்டிருந்துச்சு. நிலையை உடனே நட்டாகணும்னு முதலாளி கத்தினாரு. ஒரே ஒரு துளைதானேன்னு போட்டேன். புகை வந்துச்சு. பரவாயில்லைன்னு விட்டேன். ஸ்டாப்பரைப் பார்க்கவே இல்ல." கண்ணைத் துடைத்தார். "கொல்லணும்னு இல்லம்மா."

"தெரியும். கொல்லணும்னு யாருமே நினைக்கல. அதைத்தான் நீங்க இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியிருக்கணும்."

"அவரு ஸ்கேலை விட்டுப் பார்த்துட்டு, இதைப் போட்டவன்தான் குத்தவாளின்னு சொன்னாரு. நான் பயந்துட்டேன். துளை யார் போடுவாங்கன்னு கேட்டாரு. சதுரம்தான் போடுவான்னேன். பொய் இல்லையே அது?"

கொட்டகை வாசலில் பாலிஷ்காரி நின்றிருந்தாள். லாரிக்காகத் திறந்த கேட் வழியாக வந்திருக்க வேண்டும். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. நடந்து வந்து மேஸ்திரிக்கு எதிரில் நின்றாள்.

"நேத்து ஸ்டேஷன்ல அவரைப் பார்த்தேன் அண்ணே," என்றாள். குரல் உயரவில்லை. "மேஸ்திரி அண்ணன் ஒரு தடவை வந்து அந்தத் துளையைப் பார்த்தா போதும், இது உன் வேலை இல்லடான்னு சொல்லிடுவாரு, அவரைக் கூட்டிட்டு வான்னு சொன்னாரு. நான் கேட்ல நின்னுட்டே இருந்தேன். நீங்க அந்தப் பக்கம் வரவே இல்ல."

மேஸ்திரி அவளைப் பார்க்கவில்லை. பலகை அடுக்கிலிருந்து கையை எடுத்தார். மெல்ல நடந்து சதுரத்தின் மிஷினிடம் போனார்.

"எங்க போறாரு?" ரேடியோ முன்னால் அடியெடுத்தான். ஊசி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மேஸ்திரி பிடியைத் தளர்த்தி, பாதியில் நின்ற கட்டில் காலை எடுத்து ஜாக்கிரதையாகச் சுவரோரம் சாய்த்தார். கழிவுக் குவியலிலிருந்து ஒரு துண்டுச் சட்டத்தை எடுத்து இறுக்கினார். உளியின் வாயைத் தொடவில்லை. ஸ்டாப்பரைத் தொடவில்லை. மிஷினைப் போட்டார். சட்டத்தின் இடது கோடியில் கைப்பிடியை இழுத்தார். பிறகு கொஞ்சம் வலது பக்கம். பிறகு இன்னும் கொஞ்சம்.

முதலில் உளியின் ஓசை மாறியது, கனத்து முனகியது. பிறகு துளையிலிருந்து நீலமாக ஒரு புகை எழுந்தது. மரம் கருகும் நெடி கொட்டகை முழுக்கப் பரவியது. பாலிஷ்காரி முந்தானையால் மூக்கை மூடினாள். அவர் நிறுத்தவில்லை. நிலைக்காலில் இருந்த நீளம் வரும் வரை போட்டார்.

மிஷினை நிறுத்தினார். துண்டைக் கழற்றிவிட்டு, கட்டில் காலை மறுபடி அதே இடத்தில், அதே கோட்டில் வைத்து இறுக்கினார். காதிலிருந்த பென்சிலை மிஷின் மேடையில் வைத்தார். ஏப்ரனை அவிழ்த்து மடித்து அதன் பக்கத்தில் வைத்தார்.



இன்னும் புகைந்துகொண்டிருந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேஸ்திரி அவர்கள் மூன்று பேரையும் கடந்து போனார். பாலிஷ்காரி ஒதுங்கி வழிவிட்டாள். கேட்டில் இறங்கும்போது லாரிக்காரன் ஏதோ கேட்டான். அவர் திரும்பவில்லை. அவர் வீட்டுக்குப் போகும் தெரு வலது பக்கம். அவர் இடது பக்கம் திரும்பி, போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் திசையில் நடந்தார்.